பதினாலாம் நம்பர் கட்டிலுக்கு வாழி பாடியவருக்கு

நேற்றுக் காலை ஆறு மணிக்கு எங்கள் வானொலி நிலையத்தில் மறுபடியும் மைக் முன்னால் உட்கார்ந்தேன். 'வணக்கம்' என்றேன். கொஞ்சம் கரகரப்பு இருந்தது, மற்றபடி அது என் குரல்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கை தட்டினார்கள். சத்தம் இந்தப் பக்கம் வராது, கைகள் மட்டும் தெரிந்தன.

தொண்டையில் ஆபரேஷன் ஆகி, மூன்று மாதம் குரலில்லாமல் கிடந்த கதை உங்களுக்கெல்லாம் தெரியும். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் தொண்டையைத் தொட்டுக் காட்டித்தானே விசாரித்தீர்கள்! அதனால் நேராக நன்றிக்கு வருகிறேன்.

கத்தி வைத்த டாக்டருக்கும், ஒரு பச்சைப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல எனக்கு 'ம்' சொல்லச் சொல்லித் தந்த பயிற்சியாளர் தங்கச்சிக்கும் கும்பிடு. கொடுத்த அச்சாரத்தைத் திருப்பிக் கேட்காத ஏழு ஊர்க் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிகளுக்கும், நான் இல்லாமலேயே போய்ப் பாடி என் பங்குப் பணத்தை வீட்டில் கொண்டுவந்து கொடுத்த என் வில்லுப்பாட்டுக் குழுவுக்கும், பழைய பதிவுகளைத் தேடி எடுத்து ஒருநாள்கூட விடாமல் காலை நிகழ்ச்சியை ஓட்டிய நிலையத்துப் பிள்ளைகளுக்கும் நான் பட்ட கடன் பெரிது. முப்பந்தல் இசக்கியம்மனுக்குப் பொங்கலிடுவதாக நேர்ந்துகொண்ட என் வீட்டம்மாவுக்கு நன்றி சொன்னால் சிரிப்பாள். பொங்கல் போன வெள்ளிக்கிழமை இட்டாயிற்று.

இத்தனை பேரையும் ஒரே பத்தியில் அடைத்துவிட்டேனே என்று கோபிக்காதீர்கள். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இன்னொருவருக்காக. அவர் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

குரல் போனால் வில்லுப்பாட்டுக்காரன் பாதி ஆள். வானொலிக்காரன் ஆளே இல்லை. எங்களுடையது சமுதாய வானொலி. கோபுரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் கொரகொரப்புதான். அந்த வட்டத்துக்குள் பால் கறக்கிறவர்களிலிருந்து பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்கள்வரை என் குரல் தெரியும். முகம் தெரியாது. ஆஸ்பத்திரியோ அந்த வட்டத்துக்கு வெளியே. கிசுகிசுக்கக்கூடக் கூடாது, அதுதான் தொண்டையை இன்னும் வருத்தும் என்று சொல்லி ஒரு சிலேட்டைக் கையில் கொடுத்திருந்தார்கள். யாரிடமும் எதையும் சொல்லிக்கொள்ள வழியில்லை. நான் பதினாலாம் நம்பர் கட்டில், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ராத்திரி, செவ்வாய்க்கிழமை. நான் வருஷா வருஷம் பாடுகிற ஊரில் அன்றைக்குச் சுடலைமாடனுக்குக் கொடை. மணி பன்னிரண்டு இருக்கும். சாமி வேட்டைக்குப் புறப்படுகிற நேரம். வில் எப்படி முறுகி நிற்கும், அதன் நாணில் வீசுகோல் எப்படி இறங்கும் என்று கண்ணை மூடினாலும் அதுதான். என்னை அறியாமல் கட்டில் கம்பியில் விரல் தட்ட ஆரம்பித்துவிட்டது. மெதுவாகத்தான் தட்டினேன்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நின்றார். மாப்பைச் சுவரில் சாய்த்துவைத்தார். வாசல் பக்கம் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்துவந்து, மடியில் சாய்த்துக்கொண்டு, அதன் வாயில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் இன்னொன்று.

வில்லுக்கு வலத்தே பாட்டை நடத்துகிற அண்ணாவி உட்காருவார், இடத்தே குடம் இருக்கும். என் விரல் விட்ட இடத்தை அந்தக் கை சரியாக எடுத்துக்கொண்டது. எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"வில்லா அண்ணாச்சி?" என்றார். தலையாட்டினேன்.

"எங்க அப்பா குடம் அடிப்பாரு. பொம்பளப் புள்ள தொடக் கூடாதும்பாரு. நான் பாத்துப் பாத்துப் படிச்சது." பிறகு வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "காப்புல இருந்து பாட நேரமில்ல, சூப்பர்வைசர் வந்துருவாரு. வாழி மட்டும் பாடட்டா?" என்று கேட்டார்.

வில் கேட்காத ஊர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. காப்பு, குருவடி, அவையடக்கம் என்று முறையாகத் தொடங்கி, கதை முழுக்கப் பாடி, கடைசியில் வருவது வாழி. ஊர் வாழணும், கொடைக்கு வரி கொடுத்தவர்கள் வாழணும், பந்தல் போட்டவரும் கேட்டவர்களும் வாழணும் என்று பாடி முடிப்போம். முப்பத்தோரு வருஷமாக நான் மற்றவர்களுக்குப் பாடியிருக்கிறேன். எனக்கு யாரும் பாடியதில்லை. பாட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பாடுகிறவனே நான்தானே.

அந்த அக்கா பாடினார். பெரிய சாரீரம் என்று சொல்ல மாட்டேன், சுருதியும் இரண்டு இடத்தில் இறங்கியது. வார்டு வாழட்டும், ஊசி போடுகிற சிஸ்டர் வாழட்டும், பக்கத்துக் கட்டிலில் இருமுகிற பெரியவர் வாழட்டும் என்று அங்கேயே கட்டிக் கட்டிப் பாடிக்கொண்டு வந்து, கடைசியில் பதினாலாம் நம்பர் கட்டிலுக்கு வந்தார். அந்தத் தொண்டை திறக்கட்டும் என்றார். பெயர்கூடக் கேட்கவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். குடத்தை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு மிச்சத் தரையைத் துடைக்கப் போய்விட்டார்.

வில்லில் ஒரு அடி பாடினால் கூட இருப்பவர்கள் 'ஆமா' போட வேண்டும். 'ஆமா' விழவில்லை என்றால் கதை நகராது. வானொலியில் எனக்கு ஆகாதது அதுதான். நாலு சுவருக்குள் தனியாகப் பேச வேண்டும், ஆமா போட ஆள் கிடையாது. 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன் நான். டிரான்சிஸ்டருக்கு முன்னால் உட்கார்ந்து என் அப்பா 'ஆமா' போடுவார். சின்ன வயதில் அதைக் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி அந்த அக்காவுக்கு ஆமா போட எனக்கு வாயில்லை. கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் திரும்பிப் பார்க்காமலே சிரித்தார்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச வருஷமாக நான் வாழியை அவசரமாகப் பாடி முடிக்கிறவன். விடியப்போகும், பாதிப் பேர் பாயில் தூங்குவார்கள், முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நாலு பேரைச் சொல்லிவிட்டு வில்லைக் கழற்றிவிடுவேன். முப்பந்தலில் பொங்கல் பொங்கியபோது அம்மனிடம் சொல்லிவிட்டேன், இனி பஸ் போனாலும் சரி, வாழியைக் குறைக்க மாட்டேன் என்று. பந்தலுக்குப் பின்னால் எச்சில் இலை எடுக்கிறவர்கள், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிற பையன் என்று இத்தனை நாள் விட்டுப்போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சித்திரைக் கொடையில் பாடலாம், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கதையைத் தம்பிமார் பாடுவார்கள். எனக்குக் கிடைத்த அரை மணி நேரத்தை வாழிக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிவிட்டேன். போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது அந்த அக்காவைத் தேடிப் பிடித்து, வாயைத் திறந்தே அழைத்தேன், இடத்தே குடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று. என் குரலைக் கேட்டுவிட்டு, "இதுதானா அந்தத் தொண்ட!" என்றார்.

கொடையன்றைக்கு அவருக்கு நைட் டியூட்டியாம். மாற்றிவிட ஆள் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன் என்றிருக்கிறார்.