சீட் கொடுப்பவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்ட காலமாகப் பதவியில் இருக்கும் அமெரிக்க செனட்டர் ஒருவரை அவருடைய கட்சிக்காரரே எதிர்த்து நிற்பது பற்றித் தங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் நான்கு இடங்களில் 'உட்கட்சித் தேர்தல்' என்றும், ஓர் இடத்தில் 'கட்சி மேலிடம் அவருக்கு மீண்டும் சீட் தருமா' என்றும் எழுதப்பட்டிருந்தது. சொல்லில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அரசுக் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் அரசியல் அறிவியல் நடத்தியவன் என்ற முறையில், இந்த இரண்டு சொற்களும் வாசகரை முற்றிலும் தவறான திசைக்குக் கொண்டு போகின்றன என்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

உட்கட்சித் தேர்தல் என்றால் நம் வாசகருக்கு நினைவுக்கு வருவது கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் தேர்தல்தான். வேட்பாளர் தேர்வு அதில் சேராது. விருப்ப மனுவைக் கட்டணத்தோடு கொடுத்து, நேர்காணலுக்குப் போய் வந்து, பட்டியல் வெளியாகும் வரை தலைமை அலுவலக வாசலில் காத்திருப்பதே நம் நடைமுறை. தலைமை கையெழுத்திட்ட ஏ, பி படிவங்கள் யார் கைக்கு வருகின்றனவோ அவரே வேட்பாளர். அமெரிக்காவில் பி படிவம் போன்ற ஒன்று எந்தத் தலைவரின் மேசையிலும் கிடையாது. கட்சியின் பெயரில் யார் நிற்பது என்பதை ஒரு பொதுத் தேர்தல் போலவே நடக்கும் பிரைமரியில் வாக்காளர்கள் முடிவு செய்கிறார்கள். அதன் நாளையும், அதில் வாக்களிக்கும் உரிமை யாருக்கு என்பதையும், எத்தனை விழுக்காடு பெற்றால் வெற்றி என்பதையும் வகுப்பது மாநிலச் சட்டம். மிசிசிப்பி போன்ற சில மாநிலங்களில் வாக்குச்சாவடியை நடத்தும் வேலை கட்சிக் குழுக்களிடம் இருந்தாலும், விதி அவர்கள் எழுதியது அல்ல. செனட்டில் கட்சியின் தலைவராக இருப்பவர் பணம் திரட்டித் தரலாம், மேடையேறி ஆதரவு கேட்கலாம். சீட்டை மறுக்கவும் அவரால் முடியாது, கொடுக்கவும் முடியாது.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1913-இல் 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வரும் வரை, நம் மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்றம் தேர்ந்தெடுப்பது போலவே, செனட்டர்களையும் அந்தந்த மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. ஆறாண்டுப் பதவிக்காலமும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினருக்குத் தேர்தல் என்ற முறையும் இன்றும் இரண்டு அவைகளுக்கும் பொதுவானவை. அந்த ஒற்றுமையே நம்மைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த பாடமாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனை ஒட்டிய புறநகர் ஒன்றில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அப்போது அங்கே ஊர்ப் பேச்செல்லாம் தாட் காக்ரனைப் பற்றித்தான். குடியரசுக் கட்சிக்காரர், 76 வயது, 1978-இல் செனட்டுக்குத் தேர்வானவர், ஏழாவது முறை நின்றார். 2005-இல் கத்ரினா புயல் அந்த மாநிலத்தின் கடற்கரையைத் துடைத்துப் போட்டபோது, நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவராக இருந்து பல ஆயிரம் கோடி டாலர் நிவாரணத்துக்கு வழி செய்தவர் என்பதால் அவரை யாரும் அசைக்க முடியாது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அவரைப் பிரைமரியில் எதிர்த்தவர் அதே கட்சியின் கிறிஸ் மெக்டேனியல் என்ற மாநில செனட்டர், அதாவது மாநிலச் சட்டமன்றத்தின் மேலவை உறுப்பினர். அரசின் வரியும் செலவும் குறைய வேண்டும் என்று கிளம்பிய 'டீ பார்ட்டி' இயக்கத்தினரின் ஆதரவு பெற்றவர். வாஷிங்டனிலிருந்து பணத்தை அள்ளிக்கொண்டு வருவதுதான் காக்ரனின் பெருமை என்றால், அரசு வரம்பின்றிச் செலவு செய்வதற்கு அவரே காரணம் என்பது மெக்டேனியலின் வாதம். ஒருவர் தகுதியாகக் காட்டியதையே மற்றவர் குற்றமாகக் காட்டினார்.

ஜூன் 3-ஆம் தேதி நடந்த முதல் சுற்றில் மெக்டேனியலுக்கு 49.5 விழுக்காடும் காக்ரனுக்கு 49 விழுக்காடும் கிடைத்தன. இடைவெளி சுமார் 1,400 வாக்கு. பாதிக்கு மேல் பெற்றால்தான் வெற்றி என்பது அந்த மாநிலத்துச் சட்டம். பெரிதாகப் பிரசாரமே செய்யாத மூன்றாவது வேட்பாளர் ஒருவர் பெற்ற ஐயாயிரத்துக்கும் குறைவான வாக்குகள் இரண்டு பேரையும் பாதிக் கோட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டன. மூன்று வாரம் கழித்து, ஜூன் 24-இல் இரண்டாம் சுற்று.

அந்த மூன்று வாரத்தில் காக்ரனின் ஆட்கள் செய்ததுதான் என் கடிதத்தின் மையம். முதல் சுற்றில் தங்களுக்கு வாக்களித்தவர்களை மறுபடி இழுத்து வருவதோடு அவர்கள் நிற்கவில்லை. மிசிசிப்பியில் வாக்காளர் எந்தக் கட்சியிலும் பெயரைப் பதிந்துகொள்வதில்லை. ஜூன் 3-இல் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வாக்களித்தவர் இரண்டாம் சுற்றில் குடியரசுக் கட்சிக்கு மாற முடியாது. வீட்டிலேயே இருந்துவிட்டவர் வரலாம். ஆகவே, நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தல்களில் காக்ரனுக்கு எதிராகவே வாக்களித்துப் பழகிய கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய், அவரைக் காப்பாற்ற வாருங்கள் என்று கேட்டார்கள். தொலைக்காட்சியில் அந்த மாநிலத்து அமெரிக்கக் கால்பந்து வீரர் பிரெட் ஃபார்வ் தோன்றி காக்ரனுக்கு ஆதரவு கேட்ட விளம்பரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. என் பேரன் அவர் பேச்சை அப்படியே ஒப்பித்துக் காட்டுவான்.

24-ஆம் தேதி காலையில் என் மகளோடு வாக்குச்சாவடிக்குப் போனேன். அது ஒரு தேவாலயத்தின் கூடம். எனக்கு உள்ளே வேலை இல்லை என்பதால் காரிலேயே இருந்தேன். திரும்பி வந்தவள் சொன்னது இது: மேசையில் இருந்த வயதான பெண்மணி ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டு (புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும் என்ற விதி அந்த மாதம்தான் அங்கே நடைமுறைக்கு வந்திருந்தது), வாக்காளர் பட்டியலில் ஓர் அடிக்கோலை வைத்து வரி வரியாக இறக்கி, அவள் பெயர் வந்ததும் ஜூன் 3-க்கு உரிய கட்டத்தில் மற்ற கட்சியின் குறி இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். கட்டம் வெறுமையாக இருந்தது. வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டார். நீ எந்தக் கட்சி என்று அவர் கேட்கவே இல்லை. கட்சியின் வேட்பாளரை முடிவு செய்யும் இடத்தில் ஒருவரின் கட்சித் தகுதியைச் சோதித்தது அந்த அடிக்கோல் ஒன்றுதான். இதைப் போய் உட்கட்சித் தேர்தல் என்று எப்படிச் சொல்வது?

முதல் சுற்றில் 3 லட்சத்து 19 ஆயிரம் அளவில் இருந்த வாக்கு, இரண்டாம் சுற்றில் 3 லட்சத்து 82 ஆயிரத்தைத் தாண்டியது. இரண்டாம் சுற்றில் கூட்டம் குறைவதே வழக்கம், இங்கே கூடியது. எட்டாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் காக்ரன் வென்றார். மெக்டேனியல் தோல்வியை ஏற்கவில்லை. பிரைமரியில் வாக்களிப்பவர் அதில் வெல்லும் வேட்பாளரை ஆதரிக்கும் எண்ணம் உடையவராக இருக்க வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று அவர் தரப்பு சொன்னது. ஒருவர் மனத்துக்குள் இருக்கும் எண்ணத்தை வாக்குச்சாவடியில் எந்த அடிக்கோலால் அளப்பது? கடைசியில் நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. 20 நாளுக்குள் வந்திருக்க வேண்டிய முறையீடு 41-ஆவது நாளில் வந்தது என்ற காரணத்தால் வழக்கு தள்ளுபடியானது. அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இதில் இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். தென் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி ஒன்றே கட்சியாக இருந்த காலத்தில், நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு; பிரைமரிதான் உண்மையான தேர்தல். அதில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று கட்சிகள் விதி வைத்தன. கட்சி ஒரு தனியார் சங்கம், தன் உறுப்பினர் யார் என்று அதுவே தீர்மானிக்கும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். அதாவது பிரைமரி வெறும் உட்கட்சித் தேர்தல் என்ற அதே வாதம். 1944-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. அதன் பிறகும் மிசிசிப்பியில் கறுப்பின மக்கள் பட்டியலில் பெயர் சேர்க்கவே போராட வேண்டியிருந்தது. 1964 ஜூன் 21-இல் அந்தப் பணிக்காகச் சென்ற மூன்று இளைஞர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டும் மூன்று நாளும் கழித்து, அதே மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்கு இல்லாமல் குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் ஒருவர் பிழைத்திருக்க முடியாது என்ற நிலை வந்தது. 1978-இல் காக்ரன் முதன்முதலாக வென்றதும், சார்லஸ் எவர்ஸ் என்ற கறுப்பினத் தலைவர் சுயேச்சையாக நின்று ஜனநாயகக் கட்சியின் வாக்கைப் பிரித்ததால், 45 விழுக்காட்டில்தான். தொடக்கமும் முடிவும் இப்படி அமைந்தது தற்செயல்தான் என்றாலும் எனக்கு மறக்கவில்லை.

தங்கள் கட்டுரையாளர் காக்ரன் கதையை மட்டும் படித்துவிட்டு, மூத்தவர்கள் எப்படியாவது தப்பித்துவிடுவார்கள் என்று எழுதிவிடக் கூடாது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2012 மே 8-இல், இண்டியானாவில் குடியரசுக் கட்சியின் பிரைமரியில் ரிச்சர்ட் லூகர் தோற்றார். 36 ஆண்டு செனட்டர். சோவியத் ஒன்றியம் சிதறிக்கொண்டிருந்தபோது அங்கே கிடந்த அணு ஆயுதங்களை அழிக்க 1991-இல் ஜனநாயகக் கட்சி செனட்டர் சாம் நன்னோடு சேர்ந்து சட்டம் கொண்டுவந்தவர். 2006-இல் அவரை எதிர்த்து ஜனநாயகக் கட்சி ஆளே நிறுத்தவில்லை. 87 விழுக்காடு பெற்றார். அவரைத்தான் மாநிலக் கருவூலத் தலைவர் ரிச்சர்ட் மர்டாக் 60-க்கு 40 என்ற கணக்கில் தோற்கடித்தார். ஒபாமாவோடு நட்பாக இருந்தார், அவர் நியமித்த நீதிபதிகளுக்கு ஆதரவாக வாக்களித்தார் என்பவை கொள்கை சார்ந்த குற்றச்சாட்டுகள். ஆனால் மக்களிடம் எடுபட்டது வேறு: 1977-லேயே விற்றுவிட்ட வீட்டின் முகவரியை வைத்துக்கொண்டு அவர் வாக்காளராக இருந்துவந்தது வெளியே வந்தது. தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு மாவட்டத் தேர்தல் வாரியம் அந்த முகவரியில் வாக்களிக்க அவருக்குத் தகுதி இல்லை என்றே தீர்ப்பளித்தது. 'ஊர்ப்பக்கமே வராதவர்' என்ற பேச்சு எந்த நாட்டு அரசியல்வாதியையும் கவிழ்க்கும்.

லூகரை வீழ்த்தியவர்கள் எத்தனை பேர்? சுமார் 4 லட்சம். அதே ஆண்டு நவம்பரில் அந்த மாநிலத்தில் செனட் தேர்தலுக்கு வாக்களித்தவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். அந்தப் பெரும் கூட்டம் மர்டாக்கை ஏற்கவில்லை. ஜனநாயகக் கட்சியின் ஜோ டானலி வென்றார். ஆக, மே மாதம் லூகரைத் தோற்கடித்ததை மாநிலம் அவரைக் கைவிட்டதாக எழுதினால் அது பிழை. மே மாதத்தில் வந்தவர்கள் கைவிட்டார்கள். மிசிசிப்பியில் வராதவர்களை மூன்று வாரத்தில் வரவழைக்க முடிந்தது, இண்டியானாவில் அதற்கு இரண்டாம் சுற்றே கிடையாது.

சீட் கிடைக்காவிட்டால் சுயேச்சையாக நிற்பார் என்று கட்டுரை முடிகிறது. நம் ஊரில் அதுதான் நடக்கும். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரியில் தோற்றவர் அதே ஆண்டு வேறு வழியில் வாக்குச்சீட்டில் இடம்பெறச் சட்டம் தடை செய்கிறது. கனெக்டிகட்டில் அந்தத் தடை இல்லாததால் 2006-இல் பிரைமரியில் தோற்ற செனட்டர் ஜோ லீபர்மேன் சுயேச்சையாக நின்று வென்றார். 2010-இல் அலாஸ்காவில் பிரைமரியில் தோற்ற செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கியின் பெயர் வாக்குச்சீட்டில் இல்லை; வாக்காளர்களே அவர் பெயரைக் கையால் எழுதி அவரை வெல்ல வைத்தார்கள். எழுத்துப் பிழையோடு எழுதப்பட்ட சீட்டுகள் செல்லுமா என்று நீதிமன்றம் வரை போயிற்று.

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது 'உட்கட்சித் தேர்தல்' என்பதை விடுத்து 'பிரைமரி' என்றே எழுதலாம். தமிழ்தான் வேண்டும் என்றால் 'வேட்பாளர் தேர்வுத் தேர்தல்' என்று எழுதலாம். அதோடு, அந்த மாநிலத்தில் மற்ற கட்சிக்காரர் வந்து வாக்களிக்க முடியுமா, பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்று உண்டா, தோற்றவர் சுயேச்சையாக நிற்கலாமா என்ற மூன்றையும் ஒரு பத்தியில் சேர்த்துவிட்டால் நன்றாக இருக்கும். தங்கள் கட்டுரையில் வந்த செனட்டர் தப்புவாரா என்பதை வாசகரே ஓரளவு கணித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.