இந்த ஞாயிறு: பாட்டு வழியே மதுரை

நண்பர்களே, வணக்கம். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு கூகுள் மீட்டில் கூடுகிறோம். ஊர் மதுரை, கூட்டிப்போகிறவர் 'மதுரைக்காஞ்சி' பாடிய சங்கப் புலவர் மாங்குடி மருதனார்.

மதுரைக்காஞ்சி 782 அடி, பத்துப்பாட்டு என்ற சங்க நெடும்பாடல்கள் பத்திலேயே நீளமானது. மலைக்காதீர்கள், முழுசும் படிக்க வேண்டியதில்லை. 'ஆறு கிடந்தன்ன அகல்நெடுந் தெரு' என்று வரும் இடத்திலிருந்து தொடங்கினால் போதும். பகலில் நாளங்காடி, பொழுது சாய்ந்தால் அல்லங்காடி, அப்புறம் நள்ளிரவு, விடியல் என்று ஊரின் ஒரு நாள் முழுக்க ஓடும்.

திருடர்கள் வரும் பகுதியைத் தவற விடாதீர்கள். இடுப்பில் மெல்லிய நூலேணியைச் சுற்றிக்கொண்டு, கன்னம் வைக்க, அதாவது துளைபோட்டு உள்ளே நுழைய, உளியோடு இருட்டில் பதுங்குகிறார்கள். ஊர்க்காவலரோ நடுராத்திரி மழையிலும் அசராமல் தெருத் தெருவாகச் சுற்றுகிறார்கள். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமை சொல்ல வந்த பாட்டு இது! அதில் திருடன் வைத்திருந்த சாமான் வரைக்கும் கணக்கு இருக்கிறது. கல்வெட்டில் இதெல்லாம் கிடைக்காது.

நேரம் இருப்பவர்கள் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையையும் புரட்டுங்கள். கோவலன் தனியாக மதுரைக் கடைவீதிகளைச் சுற்றுகிறான். ரத்தின மணிகளின் குற்றம் குணம் அத்தனையும் வரும்.

பாட்டில் வரும் தெரு எங்கள் மாசி வீதிதான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இப்போதைய வீதி அமைப்பு நாயக்கர் காலத்தது.

உரையின் பிடிஎஃப் மேலே இருக்கிறது. மதுரைக்காரர்கள் விளக்குத்தூண் பக்கம் போனால் இரவுக் கடைகளை நாலு படம் எடுத்துப் போடுங்கள். வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.