30 டாலரில் பறிபோன இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டு மாணவர்களைக் கூடுதலாகச் சேர்த்துப் பல்கலைக்கழகங்கள் நிதிநிலையைச் சரிசெய்துகொள்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவில் 19 வருடம் வேலை பார்த்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

ஒரு வருடம், முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி முன்பணத்தை முழுசாகத்தான் அனுப்பியிருந்தாள். எங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்தபோது 30 டாலர் குறைந்திருந்தது. வழியில் இருந்த இடைநிலை வங்கி தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து பணம் வரும்போது இது சகஜம். ஆனால் கணினி 'பாக்கி உள்ளது' என்று காட்டியது, கெடு முடிந்ததும் இடம் தானாக ரத்தாகிவிட்டது. அவள் அனுப்பிய மின்னஞ்சல் என் கண்ணில் பட்டது நான்கு நாள் கழித்து. அதற்குள் விசாவுக்கு விண்ணப்பிக்கும் நேரமும் தாண்டிவிட்டது. அந்த இடம் அந்த வருடம் காலியாகவே கிடந்தது. இரண்டு வருடக் கட்டணமும் போனது, நன்றாகப் படிக்கக்கூடிய ஒரு பெண்ணும் போனாள்.

பணம் போதவில்லை என்றால் உடனே கட்டணத்தை ஏற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஸ்வீடன் 2011-ல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குக் கட்டணம் விதித்தது; வந்தவர்களின் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. வெளிநாட்டுக் கட்டணத்தையே பெரிதும் நம்பியிருந்த ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள், 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டதும் ஆட்குறைப்பில் இறங்கின. சம்பளப் பட்டியலை இந்தப் பணத்தின் மேல் கட்டக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வேறு வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014-ல் கணினி அறிவியல் முதுகலைப் பட்டத்தை முழுக்க இணைய வழியில் தொடங்கியது. மொத்தக் கட்டணம் ஏறக்குறைய 7,000 டாலர். வளாகத்தில் படிப்பவர்களுக்குத் தரும் அதே பட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். தலைக்குக் குறைவாக வாங்கினாலும், அத்தனை பேர் சேரும்போது செலவுக்குக் கட்டுபடியாகிறது.

சரி, எல்லாப் படிப்பையும் அப்படி நடத்த முடியாது. ஆய்வகம் வேண்டிய படிப்புகள் இருக்கின்றன. அங்கே வெளிநாட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை உதவித்தொகைக்கென்று முதலிலேயே தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். வருடக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட மிஞ்சி நான் பார்த்ததில்லை. அப்புறம், முன்பணத்தைத் தவணையில் கட்ட விடுங்கள். பல நாடுகளில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவே வங்கி அனுமதிக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் விஷயத்துக்குப் பிறகு, 50 டாலர் வரை குறைந்தால் இடத்தை ரத்து செய்யாமல் முதல் பருவக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று எங்கள் பிரிவில் ஒரு விதி கொண்டுவந்தோம். அதற்கு மேலிடத்தில் கையெழுத்து வாங்க எனக்கு 14 மாதம் ஆனது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டணப் பிரிவு அலுவலர்