ஆற்றுநீர்க் கண்காணிப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, மாதம் ஒருமுறை குறித்த தேதியில் ஆற்றிலும் ஏரியிலும் நீர் மாதிரி எடுத்தோம். ஒரு மாதமும் தவறவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

கோடையில் ஓட்டம் மெலிந்து, கழிவுநீரை நீர்க்கச் செய்யத் தண்ணீர் போதாமல், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் ஏறியது. 20 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஏரிப் பாசி இரவில் அதையும் இழுத்துக்கொள்வதால், ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் விடியற்காலையில் அளந்தோம். அந்த நேரத்தில் வந்து நின்ற உறுப்பினர்களுக்கு நன்றி.

இனிச் சொல்லப்போவது நாம் தவறவிட்டது. மாதிரி எடுத்துச் சில நாள் கழித்து, இரவில், முதல் மழை பெய்தது. காலையில் தண்ணீர் கறுத்து நுரைத்து ஓடியதையும், மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சுக்குத் திணறியதையும் கரையிலிருந்து பார்த்தோம். கையில் ஒரு புட்டிகூட இல்லை. அடுத்த தேதி வருவதற்குள் அந்த நீர் போய்விட்டது. நம் பதிவேட்டில் அந்த நாளே இல்லை. செயலாளர் என்ற முறையில் இது என் பொறுப்பு.

மழையில்லா மாதங்களில் சாலையிலும் வயலிலும் சேரும் எண்ணெய், டயர்த் துகள், சாணம், உரம் எல்லாம் முதல் மழையில்தான் அடித்து வரப்படுகின்றன. அடிச்சேறும் கிளறப்படுகிறது. மக்கும் பொருள் ஆக்சிஜனைத் தின்கிறது. அதே அளவு மழை ஒரு மாதம் கழித்துப் பெய்தால் இவ்வளவு அழுக்கு வராது. ஆகவே மழையளவோடு, அதற்குமுன் எத்தனை நாள் வறண்டு கிடந்தது என்பதையும் குறிக்க வேண்டும்.

பாஸ்பரஸ் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக் கலங்கலில் வரும். நைட்ரேட் கரைந்து நிலத்தடி வழியாகத் தாமதமாகவும் வரும். தெளிந்த நீரில் அது இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கலங்கல் நீரில் கிருமி மண்துகளில் ஒளிந்து குளோரினுக்குத் தப்பிவிடும். கிருமிநீக்கத்துக்கு முன் கலங்கல் 1 என்.டி.யு.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். ஆற்றுநீரை எடுத்துப் புழங்குவோரிடம் இதை நாம் இன்னும் சரியாகக் கொண்டுசேர்க்கவில்லை.

வரும் ஆண்டுக்கு என் கோரிக்கை ஒன்றே. பருவம் தொடங்குமுன் புட்டிகளும் ஐஸ் பெட்டியும் தயாராக இருக்கட்டும். முதல் மழையில், இரவானாலும், இருவர் இருவராகப் பாலத்தின் மேலிருந்து அரைமணிக்கு ஒரு மாதிரி எடுக்க வேண்டும். யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது. மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி கிருமிச் சோதனைக்கான புட்டிகள் அன்றே ஆய்வகம் சேர வேண்டும். நிதி போதாவிட்டால் மழையில்லா இரண்டு மாதங்களின் சோதனையை விட்டுவிடலாம். முதல் மழையை விடக் கூடாது.

இரவுப் பணிக்கான பெயர்ப் பட்டியல் மேசையில் இருக்கிறது. இவ்வறிக்கையையும் இக்கோரிக்கையையும் ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்