பாவி லோன்

டோர்ட்முண்ட்,
மார்கழி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். இரணைமடுக் குளத்துக் கதவு திறந்ததெண்டு அண்ணி சொன்னா. வயலுக்குள்ளை வெள்ளம் நிண்டதோ?

நேற்று எங்கடை கொம்பனியிலை நத்தார் விருந்து. சாப்பாட்டை விடுவம், உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. முடியிற நேரம் போனி எம் குழுவின்ரை பாட்டொண்டு போட்டாங்கள். எனக்கு மேல் சிலிர்த்திட்டுது. 'ரிவர்ஸ் ஒஃப் பாபிலோன்'. எங்கடை 'பாவி லோன்'!

மறந்திருக்க மாட்டியள். பெரியப்பா சவூதியாலை கொண்டந்த கசெற். சண்டைக் காலம், பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோ வயரை றேடியோவிலை கொழுவி, நீங்கள் பெடலைக் கையாலை சுத்த, நான் கிட்டக் குந்தியிருந்து பாடுவன். பாங்குக் கடன் கட்டேலாமல் நிண்ட அப்பா, "உவங்களும் என்னைத்தான் பாடுறாங்கள்" எண்டு சிரிச்சவர். உங்கடை கை உளைஞ்சால் அந்தப் பெட்டையளின்ரை குரல் இழுபட்டுக் கிழடு தட்டி, ஒப்பாரி மாதிரிப் போகும். நான் கத்துவன். திரும்பச் சுத்துவியள்.

நேற்று அது சரியான வேகத்திலை போச்சுது. எனக்கென்னவோ வேறை ஆரோ பாடுற பாட்டு மாதிரிக் கிடந்தது. அவ்வளவு அவசரம்.

1978 இலை இந்தப் பாட்டு ஜேர்மனியிலை 17 கிழமை முதலிடத்திலை நிண்டதாம். தயாரிச்ச ஃபிராங் ஃபாரியன் இந்த நாட்டுக்காரன். மேடையிலை துள்ளின பொபி ஃபரல் வாயை மட்டும்தான் அசைச்சவர், இசைத்தட்டிலை கேக்கிற ஆம்பிளைக் குரல் ஃபாரியன்ரை. கசெற் மட்டையிலை அந்தாளின்ரை படத்தைப் பாத்துத்தானே நீங்கள் தலைமயிர் வளர்த்து அம்மாட்டை அடி வாங்கினனீங்கள்!

வீட்டை வந்து பாட்டின்ரை கருத்தைத் தேடிப் பாத்தன். 1970 இலை யமேக்காவிலை மெலோடியன்ஸ் எண்ட குழுதான் முதல் பாடினது. சொல்லுகள் கூடுதலா விவிலியத்திலை, சங்கீதம் 137. பாபிலோனுக்குப் பிடிச்சுக்கொண்டு போன சனம் ஆத்தங்கரையிலை இருந்து ஊரை நினைச்சு அழுகுது. பிடிச்சவங்கள் கேக்கிறாங்கள், உங்கடை ஊர்ப் பாட்டொண்டு பாடுங்கோ எண்டு. அந்நிய மண்ணிலை எப்பிடிப் பாடுறதெண்டு அதுகள் கேக்குதுகள். இதுக்குத்தான் அண்ணா நாங்கள் முத்தத்திலை துள்ளினனாங்கள்.

இன்னொண்டு. விருந்திலை என்னையும் உன்ரை நாட்டுப் பாட்டொண்டு பாடு எண்டு மறிச்சுப்போட்டாங்கள். அன்பாத்தான் கேட்டவங்கள், பாவங்கள். என்னை ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு வரேல்லை. கடன்பட்டு ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி நானாத்தான் வந்தனான். நானும் ஒரு பாவி லோன்காரன். வாயிலை வந்தது எங்கடை பொப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின்ரை 'சின்ன மாமியே'. மேசையைத் தட்டித் தட்டி ஆடினாங்கள், ஒரு சொல்லும் விளங்காமல்.

அந்த டைனமோ 2009 இலை விட்டிட்டு ஓடின சாமானோடை போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோல் எடுப்பன். பாவி லோனை ஒருக்காப் பாடிக் காட்டுங்கோ. கை உளைஞ்ச இடத்திலை இழுபடுற மாதிரி இழுத்துப் பாடுங்கோ.

உங்கள் தம்பி