தானாகவே கழன்றுவிட்டது, அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் உங்கள் சைக்கிள் கடைக்கு எதிர்ச் சந்தில் குடியிருந்த வாத்தியாரின் இரண்டாவது பையன் எழுதுகிறேன். உங்கள் பேத்தி இதைக் கைபேசியில் வாசித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன். நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதக் காரணம் உண்டு. உங்களிடம் நான் பொய் சொன்னதெல்லாம் நாலு பேர் முன்னிலையில்தான். காற்றடிக்க வந்தவர்களும் பேப்பர் படிக்க வந்தவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

முதல் பொய் 1988-இல். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறை. அப்பாவின் 24 அங்குல வண்டிக்குப் புதுப் பெடல் வாங்கி வந்து, கடையில் கொடுக்காமல் நானே மாட்டுவதென்று உட்கார்ந்தேன். பழைய வலது பெடல் சொன்னபடி கேட்டது. இடது பெடல் கேட்கவில்லை. கழற்றுவதாக நினைத்துத் திருப்பத் திருப்ப இறுகிக்கொண்டே போனது. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். கடைசியில் ஆத்திரம் பொறுக்காமல் எதிர்ப்பக்கம் ஓர் உதை விட்டேன். கழன்றுவிட்டது! அந்த இடத்திலாவது ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். வெற்றி பெற்றவன் எங்கே யோசிப்பான்?

புதுப் பெடல்களில் கைக்கு வந்ததை எடுத்து இடதுபக்கம் வைத்தேன். அது வலது பெடல். அரைச் சுற்று பிடித்தது, பிறகு மறுத்தது. துரு என்று நினைத்தேன். புதுப் பெடலில் ஏது துரு? பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். சர்ரென்று ஏறியது. மரை ஏறியதல்ல, மரையைச் சீவிக்கொண்டு ஏறியது. தெரு முனை தாண்டுவதற்குள் பெடல் கழன்று கீழே விழுந்தது.

"தானாகவே கழன்றுவிட்டது, அண்ணாச்சி."

நீங்கள் குனிந்து, பெடலைத் தாங்கும் இரும்புக் கையான கிராங்கின் ஓட்டைக்குள் பார்த்தீர்கள். "தானாகவா?" என்றீர்கள். அவ்வளவுதான். "உனக்குத்தான் மரை கழன்றிருக்கிறது" என்று சொல்லியிருந்தால் கடையே சிரித்திருக்கும். நீங்கள் சொல்லவில்லை.

கிராங்கைக் கழற்றியதையும் மறக்கவில்லை. கிராங்குக்கு அடியில் ஓர் இரும்புக் குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்தீர்கள். கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பான கோட்டர் பின்னின் நட்டை முழுதாக எடுக்காமல், பின்னின் மரை நுனிமட்டத்துக்கு மட்டும் தளர்த்தி வைத்தீர்கள். பிறகு சுத்தியலால் ஒரே அடி. குழாய் இல்லாவிட்டால் அடி முழுவதும் அச்சுக் குண்டுகளுக்குப் போகும், நட்டு இல்லாவிட்டால் பின்னின் மரை நசுங்கும். இந்த இரண்டும் எனக்கு விளங்க இருபது வருடம் ஆனது. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பீர்கள். கேட்க வாய் வரவில்லை. பொய் சொன்னவனுக்குக் கேள்வி கேட்கப் பயம், ஒன்று கேட்டால் இன்னொன்று வெளியே வந்துவிடுமே.

இடது பெடலுக்கு ஏன் தலைகீழ் மரை என்பதைப் பின்னாளில் ஒரு பென்சிலை வைத்துப் புரிந்துகொண்டேன். விரல்களைத் தளர்வான வளையமாக்கி, அதற்குள் பென்சிலை விட்டு, வளையத்தின் உள்விளிம்பை உரசியபடி அதை வட்டமாகச் சுற்றினால், பென்சில் தன்னைத்தானே எதிர்த்திசையில் உருட்டிக்கொள்கிறது. மிதிக்கிற பாரமும் கிராங்க் ஓட்டைக்குள் இப்படித்தான் சுற்றிச் சுற்றி அழுத்துகிறது. பெடல் தண்டு கண்ணுக்குத் தெரியாமல் உருள்கிறது. இடதுபக்கம் சாதாரண மரை இருந்தால் மிதிக்க மிதிக்கக் கழன்றுபோகும். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் அதற்கு முன்பு அமெரிக்காவில் டேட்டன் என்னும் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள்தானே? அவர்களும் 1900 வாக்கில், கழன்று விழாத பெடல் என்று இந்த எதிர்மரையைத்தான் தங்கள் வண்டிகளுக்கு விளம்பரம் செய்தார்கள். ஆக, தானாகக் கழலக் கூடாது என்பதற்காகவே வெட்டிய மரை அது. அதைக் காட்டித்தான் தானாகக் கழன்றது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது பொய், "டியூப் சரியில்லை." ஒரே வாரத்தில் மூன்று பஞ்சர். சொல்யூஷன் தடவிய ஈரத்தோடு பட்டையை ஒட்டினேன், அது தோசை போலக் கழன்று வந்தது. விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காய விட வேண்டும் என்று தெரியாது. அதைக்கூட மன்னிக்கலாம். டயரின் உட்பக்கத்தைத் தடவிப் பார்க்கவே இல்லை. நீங்கள் ஒரு சுற்றுத் தடவி, நகத்தால் நெம்பி, சீமைக்கருவேல முள் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள். டியூப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதெல்லாம் டியூப்பை உருவும் முன்பே, அது டயரில் எந்த வாக்கில் இருந்தது என்று சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். ஓட்டை டியூப்பில் எங்கே என்று தெரிந்தால் முள் டயரில் எங்கே என்று தெரியும்.

மூன்றாவது, "நாய் குறுக்கே வந்துவிட்டது." நாயே இல்லை. பிரேக் கட்டை கீச்சென்று கத்தியதால் ரிம்மில் எண்ணெய் விட்டேன். சத்தம் உடனே நின்றது. வண்டி மட்டும் நிற்கவில்லை. சுலோச்சன முதலியார் பாலத்தில் மாட்டு வண்டியின் வைக்கோலுக்குள் போய்ச் சேர்ந்தேன். நீங்கள் ரிம்மைத் தடவி விரலை முகர்ந்தீர்கள். "தேங்காய் எண்ணெயா?" என்றீர்கள். செயினுக்கும் அதைத்தான் விட்டிருந்தேன் என்பதை இப்போது சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புழுதியோடு சேர்ந்து அது கரிப்பிசின் ஆனது.

பின்சக்கரத்தைப் பிரித்து, பக்கத்துக்கு ஒன்பதாக இருந்த கால் அங்குலக் குண்டுகளில் இரண்டைச் சாக்கடைக்குத் தந்ததும், மீதியைப் போட்டு, குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பான கோனை இறுக்கியதும், கோனில் பள்ளம் விழுந்ததும் பெரிய கதை. "பழைய கோன், அண்ணாச்சி" என்றேன். ஆனால் அன்றுதான் நீங்கள் முதல்முறையாக என் கையைப் பிடித்து அச்சின் மேல் வைத்தீர்கள். இரண்டு விரலால் உருட்டச் சொன்னீர்கள். மணல் போல நெறுநெறுத்தது. நீங்கள் கோனைக் கொஞ்சம் தளர்த்தினீர்கள். வெண்ணெய் போல ஓடியது, ஆனால் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தது. அந்த ஆட்டத்தை விட்டுவைத்தே பூட்டு நட்டை இறுக்கினீர்கள். ஆட்டம் காணாமல் போனது. நட்டு இறுகும்போது அது தின்னப்போகும் இடத்தை முன்கூட்டியே விட்டுவைக்க வேண்டும் என்று இன்றுவரை என் விரலுக்குத்தான் தெரியும். யாருக்காவது விளக்கச் சொன்னால் தடுமாறுகிறேன்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். கியர் வைத்த அலுமினிய வண்டி ஒன்று ஓட்டுகிறேன். வீடியோ பார்த்துப் பழுது பார்க்கும் காலம் இது. வீடியோவில் எந்த நட்டும் துருப்பிடித்திருப்பதில்லை, யாருக்கும் விரல் முட்டி பெயர்வதில்லை. போன வருடம் சீட்டுக் கம்பியின் கவ்வியில் 5 நியூட்டன் மீட்டர், அதாவது இவ்வளவுதான் முறுக்கலாம் என்று பொறித்திருந்ததைப் படித்துவிட்டே, கைக்கணக்கில் முறுக்கி போல்ட்டை முறித்தேன். பழைய இரும்பு வண்டி எவ்வளவு பொறுத்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த இரும்பு வண்டி விஷயமாகத்தான் இந்தக் கடிதம். அப்பா போன பிறகு பரணில் கிடந்ததைக் கீழே இறக்கி, இரண்டு மாதமாகச் சீர் செய்துகொண்டிருக்கிறேன். அன்று நீங்கள் மாட்டிய இடது கிராங்க் அப்படியே இருக்கிறது. எல்லாம் முடிந்தது, பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான பிரீவீல் மட்டும் கழன்று வரமாட்டேன் என்கிறது. அடுத்த மாதம் கோயில் கொடை விழாவுக்கு ஊருக்கு வரும்போது சக்கரத்தைக் கொண்டுவருகிறேன். கடையை மகனிடம் கொடுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். இருந்தாலும் நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். கழற்றும் கருவியை அச்சு நட்டால் அழுத்திப் பூட்டாமல் முறுக்கினேன். அது நழுவி, பிரீவீலில் கருவி பிடிக்க இருந்த இரண்டு வெட்டுகளையும் மழுக்கிவிட்டது. பிறகு உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். மூன்று அடி. மூன்றாவது அடி ஒரு ஸ்போக்ஸ் கம்பியில் விழுந்தது. தானாக இல்லை, அண்ணாச்சி. நான்தான்.

இப்படிக்கு,
எதிர்ச் சந்து வாத்தியார் மகன்