பொக்கராவில் நட்ட கோணல் நாற்று

அம்மிணி,

நல்லா இருக்கியா? அண்ணாவுக்கு முழங்கால் வலி தேவலையா? உன் மெசேஜுக்குப் பதில் போடவில்லை என்று திட்டியிருந்தாய், திட்டு, வாங்கிக்கொள்கிறேன். காட்மாண்டு போய் இறங்கிய அன்று போட்டோ போட்டவள் அப்புறம் மூன்று வாரம் சத்தமே இல்லாமல் கிடந்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். போன காரியம் மூன்றாவது நாளே கெட்டுப்போய்விட்டது. அதை வெளியே சொன்னால் எங்க அண்ணன் "அன்னைக்கே சொன்னேனில்ல" என்று ஆரம்பிப்பார், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நேபாளத்தில் லம்ஜுங் பக்கம் ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியில் ஐந்து வாரம் கணக்கும் இங்கிலீஷும் சொல்லித் தருவதாக ஏற்பாடு என்று உனக்குத் தெரியும். ஏற்பாடு செய்தவர்களுக்கு முழுப் பணமும் முன்னாலேயே கட்டியிருந்தேன். புத்தி கெட்ட வேலை. மூன்றாம் நாள் வெடியால ஒரு மெசேஜ் வருகிறது, மண் சரிந்து வழி அடைத்துவிட்டதாம், பள்ளிக்கும் மழை விடுமுறை விட்டுவிட்டார்களாம். ஆனி மாதம் மலையில் மழை பிடிக்கும், நடவு நேரம், பிள்ளைகள் வயலில் நிற்கும், அங்கே பல பள்ளிகளில் வருஷா வருஷம் இந்த நேரத்தில் லீவு. அதுகூடத் தெரியாமலா எனக்குத் தேதி கொடுத்தார்கள்?

பதிலுக்கு அவர்கள் நீட்டியது ஒரு குழந்தைகள் இல்லம். "இரண்டு வாரம் விளையாடிக்கொண்டிருங்கள், போட்டோ நன்றாக வரும்" என்றார்கள். போட்டோ என்றதும் எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அந்த ஊரில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிற பல குழந்தைகளுக்கு அப்பாவோ அம்மாவோ ஊரில் உயிரோடு இருக்கிறார்கள், 2015 பூகம்பத்துக்குப் பிறகு இது பெரிய பேச்சாகவே ஆனது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து காசு கொடுப்பதாலேயே ஊரிலிருந்து கூட்டிவரப்படும் பிள்ளைகளும் உண்டு. இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறினால் அந்தப் பிள்ளை அடுத்த ஆளிடம் ஒட்டும், அவளும் போவாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கட்டிய பணத்தில் ஒரு ரூபாய் திரும்பவில்லை.

அதற்கப்புறம் காட்மாண்டுவிலேயே தமேல் என்கிற பகுதியில் ஒரு சின்ன ரூமில் இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். தனியாகப் போனால் பயமாக இருக்குமா என்று கேட்டாயே, பயமெல்லாம் பெரிதாக இல்லை, கேவலமாகத்தான் இருந்தது. இருபத்து நாலு வருஷம் வகுப்பில் நின்றவள், நான் போனால் ஊரே வாசலில் வந்து நிற்கும் என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள இரண்டு நாளும் மூன்று வேளை தால் பாத்தும் தேவைப்பட்டது. பருப்பும் சோறும்தான், ரசம் இல்லாத குறை.

டிக்கெட்டை மாற்றலாமென்று பார்த்தால் புது டிக்கெட் விலையைக் கேட்டார்கள். சரி, ஐந்து வாரத்தை எங்கேயாவது கழிப்போம் என்று பொக்கராவுக்குப் பஸ் ஏறினேன். 200 கிலோமீட்டர்தான், ஒன்பது மணி நேரம். ரோடு அகலப்படுத்துகிறோம் என்று மலையை நோண்டிப் போட்டிருக்கிறார்கள், மழையில் எல்லாம் சேறு. பக்கத்து சீட்டில் இருந்த நர்ஸ் பெண்தான், பேக்னாஸ் ஏரிப் பக்கம் தன் பெரியம்மா வீட்டில் ரூம் விடுகிறார்கள், சும்மா போய் இரு என்று நம்பர் கொடுத்தாள். இந்த ஏற்பாட்டுக்கு நான் எங்கேயும் பணம் கட்டவில்லை என்பதைக் கவனி.

அந்தம்மாவை திதி என்றுதான் கூப்பிட்டேன், அக்கா என்று அர்த்தம். அவள் என்னை பஹினி என்றாள். என் இந்தி சீரியல் பார்த்து வந்த இந்தி, அவள் இந்தியும் அப்படித்தான், அதனால் சண்டை வரவில்லை. மகன் கத்தாரில். மருமகளும் பத்தாவது படிக்கிற பேத்தியும் வீட்டில். நிலம் மூன்று ரோப்பனி, எட்டு ரோப்பனி சேர்ந்தால் நம்ம கணக்கில் ஒரு ஏக்கர் வரும், அதையும் படிப்படியாக மலையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து நெல்லுக்கு ஜேட்டோபூடோ என்று பேர், மூத்த கிழவன் என்று சொல்லலாம். வாசனை சீரகச் சம்பா மாதிரி அடிக்கும்.

முதல் நாலு நாள் ஒரம்பரை மாதிரி திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தேன். மழை என்றால் அப்படி ஒரு மழை, பக்கத்தில் லும்லே என்று ஓர் இடத்தில் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யுமாம். நம்ம கோபிப் பக்கம் 700 பெய்தாலே பெரிது, கொடிவேரியில் தண்ணீர் ததும்பினால் வேடிக்கை பார்க்க வண்டி கட்டிப் போகிறோம். அட்டை வேறு. வால்பாறையில் உன் காலைப் பிடித்ததே, அதற்கு அண்ணன்.

ஆனி 15 அன்று நடவு. அவர்கள் மாதத்துக்கு அஸார் என்று பேர், தேதியோ ஏறக்குறைய நம்முடையதேதான், எனக்கு அது அவ்வளவு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு நாடு முழுக்க நடவுத் திருநாள். ஊர்ப்பெண்கள் இன்றைக்கு இவள் வயல், நாளைக்கு அவள் வயல் என்று ஆள் மாற்றிக்கொள்கிறார்கள், அதற்குப் பர்மா என்று பேர். ஆண்களில் பாதிப் பேர் வெளிநாட்டில், திதி வயலுக்கு இரண்டு ஆள் குறைந்தது. நான் எழுந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அம்மிணி, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் பிறந்தவள் நான், எங்க அப்பா தொழி ஓட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள், ஆனாலும் நாற்றைத் தொட்டு முப்பது வருஷம் இருக்கும். இப்போது எங்கள் வயலில் நடுவது யார் என்று உனக்கே தெரியும், பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பையன்கள். அவர்கள் இங்கே நட, நான் அங்கே போய் நட்டேன், இந்தக் கூத்தை நினைத்து நடு வயலில் சிரித்துவிட்டேன், ஏன் என்று விளக்க என் இந்தி போதவில்லை. பத்து குத்து நட்டதும் கைக்கு ஞாபகம் வந்துவிட்டது. இடுப்புக்கு வரவில்லை. பாட்டு, சேற்றை வாரி ஒருத்தர் மேல் ஒருத்தர் அப்புவது, எல்லாம் முடிந்து வரப்பில் உட்கார்ந்து தயிர் அவல் சாப்பிட்டோம். அன்றைக்கு அதுதான் சாப்பாடு, வழக்கமே அது.

பொழுதோட பேத்தி கணக்கு நோட்டைக் கொண்டுவந்தாள். நான் டீச்சர் என்று யாரும் சொல்லவில்லை, நாற்று முடியை நான் எண்ணி எண்ணிப் பிரித்துப் போட்டதைப் பார்த்துக் கண்டுபிடித்தாளாம். மறுநாள் இரண்டு பேர், அப்புறம் ஐந்து பேர். அவ்வளவுதான் என் சேவை. தான், சாமல், பாத் என்று மூன்று பேர் சொன்னாள், நான் நெல், அரிசி, சோறு என்றேன், இங்கிலீஷில் எல்லாம் ஒரே ரைஸ் என்றதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நீ அடுத்த வருஷம் போகிறாயல்லவா, ஒன்று கேள். முழுப் பணம் கட்டாதே, கேட்கிறவர்களை விட்டுவிடு. பள்ளி என்றால் அந்த ஊர் லீவு எப்போதென்று பள்ளியிலேயே கேள். ஆதார் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும். யூபிஐ டவுன் கடைகளில் ஓடுகிறது, மலையில் சில்லறைதான் பேசும், நம் நூறுக்கு அவர்கள் காசு நூற்று அறுபது. அப்புறம், தினம் ராத்திரி ஒரே ஓர் ஆளுக்காவது எங்கே இருக்கிறேன் என்று எழுது. நான் எழுதவில்லை, அதற்குத்தான் நீ திட்டினாய், நியாயம்தான்.

அண்ணனிடம் இன்னும் பாதிதான் சொல்லியிருக்கிறேன். பணம் போன கதை வரும்போது நீயும் பக்கத்தில் இருந்தால் நல்லது, ஞாயிற்றுக்கிழமை வா.

நேற்று திதி வயல் போட்டோ அனுப்பியிருந்தாள். நாற்று பச்சை பிடித்துவிட்டது. நடுவில் நாலு வரிசை மட்டும் வளைந்து வளைந்து ஓடுகிறது, அதன்மேல் ஒரு வட்டம் போட்டு "பஹினி" என்று எழுதியிருக்கிறாள்.

உன்
நெட்டச்சி